மாமா சொன்னாலும் உடனே கையெழுத்து வைக்காதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு 19 வயது. வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்தவள். அவள் இசையமைத்து, தோழி பாடி, வீட்டு அறையிலேயே பதிவு செய்த பாட்டைக் கேட்டுவிட்டுச் சென்னை இசை நிறுவனம் ஒன்று பேசக் கூப்பிட்டிருக்கிறது. அடுத்த மாதம் ஆட்கள் கொழும்புக்கு வருகிறார்களாம். "உடனே சைன் வையுங்கோ, இப்பிடி ஒரு சான்ஸ் பிறகு வராது" என்கிறார் ரொறன்ரோ மாமா. லண்டன் பெரியப்பாவோ அங்கே மியூசிக் பிசினஸ் டிகிரிக்கு அனுப்பச் சொல்கிறார். அந்தப் படிப்புக்குத் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

வைக்க வேண்டாம். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று எழுதி முடித்துவிடலாம், ஆனால் அதனால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு ஒப்பந்தத்தை விளங்கிக்கொள்ள மூன்று வருடமும் வெளிநாட்டு மாணவர் கட்டணமும் தேவையில்லை. புலமைச் சொத்து, அதாவது படைப்புகளின் உரிமை பற்றிய விஷயம் தெரிந்த சட்டத்தரணி ஒருவருக்குக் கொடுக்கும் காசு போதும். அந்தக் காசில் மட்டும் கை இறுக்க வேண்டாம். சீமா, சார்ட்டட் போன்ற கணக்கியல் படிப்புகள் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் சொந்தத்திலேயே ஆள் நிறைய இருக்கும்.

மாமாவின் அவசரத்துக்கு வருவோம். முற்பணம் என்று ஐந்து லட்சம் நீட்டினால் வீடே குளிர்ந்துவிடும். அது பரிசு இல்லை, அவளுடைய பங்கிலிருந்து கழிக்கப்படும் காசு. உதாரணத்துக்கு, அவள் பங்கு 15 சதவீதம் என்றால், அந்தப் பாட்டு 33 லட்சத்துக்கு மேல் உழைத்த பிறகுதான் அடுத்த ரூபாய் அவள் கைக்கு வரும். வீடியோச் செலவையும் அதே கணக்கில் ஏற்றுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். உங்களிடமே காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்காமல், ஒரே ஒரு பாட்டின் பதிவை மட்டும் மூன்று அல்லது ஐந்து வருட உரிமத்துக்குக் கொடுப்பது. காலம் முடிந்ததும் பதிவு அவளிடமே திரும்பிவிடும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இசைக்கான பதிப்புரிமை படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும் நீளும். 19 வயதில் ஒரு பின்னேரத்தில் கொடுத்துவிடுகிற சாமானா அது?

உரிமம் கேட்பதென்றால் வீடு சுத்தமாக இருக்க வேண்டும். இசை யாருடையது, வரி யாருடையது, பதிவு யாருடையது, யாருக்கு எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதி, தோழியும் மகளும் இப்போதே கையெழுத்திடட்டும். இசை நிறுவனத்தார் வந்த பிறகு இதைப் பேசினால் சிநேகிதம் போய்விடும். பாட்டில் திரும்பத் திரும்ப வரும் தபேலா லூப்பை, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் அந்தத் தாளத் துண்டை, எங்கிருந்து இறக்கினாள், வியாபாரத்துக்குப் பாவிக்க அனுமதி உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுருக்காத 24 பிட் வேவ் ஒலிக் கோப்பு, குரல் இல்லாத பதிப்பு, வாத்தியங்கள் தனித்தனியாக, ஏற்கெனவே வெளியிட்டிருந்தால் அந்தப் பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீடு, எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். அப்புறம், முடிக்காத இரண்டு பாட்டையும் கொண்டு போகட்டும். அடுத்தது என்ன வைத்திருக்கிறாள் என்றுதான் அவர்களும் பார்ப்பார்கள்.

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி: "மகள் மேடைக்கு வரமாட்டன் என்கிறாள், அதை மட்டும் நீங்கள் மாற்ற வேணும்." மாற்ற மாட்டேன். அவளுக்குப் பிடித்தது பின்னால் இருந்து இசையமைப்பது. மேடை நிகழ்ச்சி, விளம்பர வருமானத்திலும் பங்கு கேட்கும் ஒப்பந்தம் அவளுக்குத் தேவையே இல்லை. இசையமைப்பாளருக்கு இன்னொரு பிடியும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்தின்படி, உரிமையை எழுதிக் கொடுத்தாலும் இசையமைத்தவர் ராயல்டியில் சம பங்கு கேட்கலாம். ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்பதைச் சட்டத்தரணி முதலில் பார்க்கட்டும்.

கூட்டத்துக்கு நீங்களும் போங்கள், ஆனால் பேசுவது அவள். என்ன நீட்டினாலும், "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுச் சொல்கிறோம்." உரிமம் சரிவராது என்றால், எத்தனை வருடத்தில் பதிவு திரும்பும், வருடத்துக்கு எத்தனை தரம் கணக்குக் காட்டுவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் பாட்டை அவளே வெளியிடட்டும்.