நன்றாக எழுதுகிறாள், எழுப்பினால் பேச மாட்டேன் என்கிறாள்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். களக்காடு பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி இன்டர்னல் தேர்வில் நன்றாக எழுதுகிறாள். எழுப்பிக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். செமினார் அன்று லீவு. தமிழ் வழியில் படித்ததாலா, இல்லை அக்கறை இல்லையா?

பதில்: அக்கறை இல்லாத பிள்ளை செமினார் நாளாகப் பார்த்து லீவு போடாது. தமிழ் வழி என்பதும் பாதிக் காரணம்தான். ஆங்கில வழியில் படித்துவிட்டு வாயடைத்து நின்ற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு இருப்பது வகுப்பில் வேற்று மொழியில் பேசும் பயம். 1986-இல் மொழிக் கல்வி ஆய்வாளர் எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் இந்தப் பயத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். பேசுவதில் தயக்கம், தேர்வு பயம், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் என மூன்றை அவர்கள் சொன்னார்கள். நம் வகுப்புகளில் மூன்றாவதுதான் பெரியது என்பேன். தப்பாகப் பேசினால் சிரிப்பு. சரியாகப் பேசினாலோ, பின் பெஞ்சில் "பீட்டர் விடுதா பாரு" என்று ஒரு குரல். எப்படிப் பேசினாலும் அடி விழும் என்றால் வாயை மூடிக்கொள்வதே பத்திரம் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. பேப்பரை நீங்கள் மட்டும்தான் பார்க்கிறீர்கள், அடித்துத் திருத்தவும் நேரம் உண்டு. எழுந்து நின்றதும் மனதில் பாதி இடத்தைப் பயமே பிடித்துக்கொள்கிறது, தெரிந்த வார்த்தையும் வருவதில்லை. அதைப் பார்த்து நாம் "இன்னும் நல்லா படிக்கணும்மா" என்கிறோம். நோய் ஒன்று, மருந்து வேறு.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ரோல் நம்பர் வரிசையில் கேட்பதை விடுங்கள். தன் முறை நெருங்க நெருங்க அவளுக்கு நெஞ்சு படபடக்கும், பாடம் காதில் ஏறாது. கேள்வி கேட்டதும் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் கண்டார். அதையே 3 நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். பதில் சொல்லும் முன் பக்கத்துத் தோழியிடம் ஒரு நிமிடம் பேசிப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது.

பேச்சின் நடுவே இலக்கணம் திருத்தாதீர்கள், முடிக்கட்டும். சிரிப்பவர்களை மட்டும் அந்த நிமிடமே நிறுத்துங்கள். இதில் தாட்சண்யமே வேண்டாம்.

அதற்காக அவளை செமினாரிலிருந்து விட்டுவிடவும் கூடாது. ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். முதலில் உங்கள் அறையில் இரண்டு நிமிடம் பேசட்டும், அப்புறம் நாலு தோழிகள் முன்னால், அதன் பிறகு வகுப்பில். சாப்பாடு, தூக்கம் கெடுகிற அளவுக்குப் போனால் மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

நாளைக்கே ஆரம்பிக்கலாம். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நம் ஊர்த் தமிழிலேயே பேசி, அடுத்த வகுப்பில் கேட்கப்போகிற கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.