மது, போதைத் தடுப்புத் தன்னார்வக் குழுக்கள் என்ன செய்கின்றன?

பெற்றோர், ஆசிரியர், கடைக்காரர், இளைஞர் எனப் பலர் ஊதியமின்றி ஒன்றுகூடி, தங்கள் வட்டாரத்தில் மதுவும் போதைப்பொருளும் விளைவிக்கும் கேட்டைக் குறைக்க உழைக்கும் குழுக்கள் இவை.

ஊரே ஏன் சேர வேண்டும்? உந்துதலை அடக்கும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. அதுவரை அறிவுரையைவிடச் சூழலே வலியது: எளிதில் கிடைக்கிறதா, நண்பர்கள் குடிக்கிறார்களா, மாலையில் செய்ய வேறு ஏதாவது இருக்கிறதா? தேங்கிய நீரை ஒரு வீடு மட்டும் அகற்றினால் கொசு ஒழியுமா?

ஐஸ்லாந்தில் அரசும் பெற்றோரும் கைகோத்தனர். பெற்றோர் இரவில் தெருக்களைச் சுற்றிவந்தனர். முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்த 15, 16 வயதினர் 1998இல் 42 சதவீதம். 2016இல் 5 சதவீதம். எனக்குப் பெரும் நம்பிக்கை தரும் மாற்றம் இது.

இக்குழுக்கள் குடிப்பவர்களை வேவுபார்த்து ஒதுக்குபவை என்பது தவறு. உதவி தேடுவோரைச் சிகிச்சைக்கு வழிநடத்துவதும் இவற்றின் பணிதான்.