திருகோணமலையில் சூழலுக்கு உகந்த வீடு கட்ட எப்படியான காணி பார்க்க வேண்டும்?

மாரியில் ஒருமுறை பார்க்காத காணிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துத்தான் படித்தேன்.

நிலாவெளிப் பக்கம் 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். ஆடியில் போய்ப் பார்த்தோம். கச்சான் என்கிற மேல்காற்றில் தரை பொருக்கு வெடித்துக் கிடந்தது, விலையும் தோது. சோலார், மழைநீர்த் தொட்டி என்று மனதுக்குள் வீட்டையே கட்டி முடித்துவிட்டேன். எதிர்வளவு அம்மா வேலியால் எட்டிப் பார்த்து, "தம்பி, கார்த்திகையில ஒருக்கா வந்து பாருங்கோ" என்றா. போனேன். முழங்கால் தண்ணீர். வயல்பக்க வெள்ளம் களப்புக்கு இறங்கும் வழியே அதுதான். கட்டுவதென்றால் மூன்றடிக்குக் கிரவல் கொட்ட வேண்டும். அதற்கு எங்கோ ஒரு மேடு வெட்டுப்படும், இங்கே மறித்த தண்ணீர் அந்த அம்மாவின் அடுப்படிக்குப் போகும். பிறகு சோலார் போட்டென்ன, விட்டென்ன? அட்வான்சில் பாதிதான் திரும்பி வந்தது.

கோடையிலும் செடிகள் காட்டிக்கொடுக்கும். உமரி படர்ந்திருந்தால் மண்ணில் உப்பு. பாய் இழைக்கிற பன் நின்றால் தண்ணீர் தேங்கும் பள்ளம். கரையோரக் கண்டல் மரங்களை வெட்டி நிரப்பிய காணி மலிவாக வரும். 2004 மார்கழிச் சுனாமியைப் பார்த்த ஊர்க்காரருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

கிணற்றுத் தண்ணீரை மழைக்கு முன், ஆவணியில் குடித்துப் பாருங்கள். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கும். மோட்டார் போட்டு இழுத்தால் உவர் ஏறிவிடும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது விட இடம் வேண்டும். அளக்கும்போது பக்கத்து வளவுக் கிணற்றையும் அளவுங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள்.

கடைசியில் உப்புவெளியில் 20 பேர்ச் வாங்கினேன். பேர்ச் விலை கூட. ஆனால் இடிந்த பழைய வீட்டு வளவு. புதிதாகக் காடு வெட்டவில்லை, பழைய அத்திவாரக் கல்லும் உதவியது. மேற்கே நின்ற இரண்டு வேம்பும் கச்சான் வெக்கையை மறிக்கின்றன. வேலையிடமும் கிட்ட: 2022இல் ஊரே பெற்றோல் வரிசையில் நின்றபோது நான் சைக்கிளில் வேலைக்குப் போனேன்.

ஒரு பிழை விட்டேன். ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். அதை யோசிக்காமல் வடக்குச் சுவரை மொட்டையாக விட்டேன். அந்த அறையில் ஆனி, ஆடியில் ஒருவரும் படுப்பதில்லை.