தாத்தா பொட்டியில வெள்ளி ரூபா, எஸ்ஐபியை நிறுத்திடலாமா?

கேள்வி: சார், தாத்தாவோட டிரங்கு பொட்டியில 12 வெள்ளி ரூபா கெடச்சுது. முக்கால்வாசி அஞ்சாம் ஜார்ஜ், அதுல ஒன்னு 1911. பொங்கலுக்கு அம்மா விபூதி போட்டு தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டாங்க. 1911க்கு லட்சக்கணக்குல தருவோம்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றார், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 1,500 கட்டணுமாம். மியூச்சுவல் ஃபண்டுல மாசம் 5,000 போடுற எஸ்ஐபியை நிறுத்திட்டு இதுல எறங்கலாமா?

பதில்: அந்த 1,500ஐ மட்டும் கட்டிடாதீங்க. பழைய காசை வெலைக்கு வாங்கறவன் உங்களுக்குத்தான் பணம் தரணும், உங்ககிட்ட எதுக்கு கேக்கறான்? பழைய காசு வியாபாரத்துல நாங்க கிடையாது, யார்கிட்டயும் கமிஷன் கேக்கறதில்லன்னு ரிசர்வ் பேங்கே 2021ல அறிக்கை விட்டுச்சு.

இப்ப உங்க 12 காசு. பிரிட்டிஷ் வெள்ளி ரூபா எடை 11.66 கிராம், 1939 வரைக்கும் அடிச்சதுல 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுத்த வெள்ளி மட்டும் கிட்டத்தட்ட 10.7 கிராம். 1940லருந்து 1945 வரைக்கும் அடிச்சதுல பாதிக்குப் பாதிதான். அன்னிக்கு வெள்ளி ரேட்டால பெருக்கிப் பாருங்க, அதுதான் அடிமட்ட விலை, அதுக்குக் கீழ எவன் கேட்டாலும் குடுக்காதீங்க.

அதுக்கு மேல கெடைக்கறதெல்லாம் வருஷமும் கண்டிஷனும் பாத்துத்தான். 1911ல ராஜா அங்கியில இருக்கற யானைக்கு தும்பிக்கை சின்னதா விழுந்து பன்னி மாதிரி தெரிய, ஜனங்க கொதிச்சுப் போயி, பெரும்பகுதியை உருக்கிட்டு 1912ல தும்பிக்கையைத் திருத்தி அடிச்சாங்க, அதனாலதான் அதுக்கு மவுசு. லென்ஸ் வெச்சு அந்த யானையையும் கிரீடத்துக் கல்லையும் பாருங்க, தனித்தனியா தெரியுதா, மழுங்கிப் போச்சா? கிரேடிங்னா அதான் சார். 1லருந்து 70 வரைக்கும் மார்க், புழக்கத்துக்கே போகாத காசுக்கு 60லருந்து மேல.

ஆனா விபூதி போட்டு தேய்ச்சதுதான் எனக்கு வயித்தெரிச்சல். வருஷக்கணக்குல வெள்ளி மேல படியற கருப்பு படலத்துக்குத்தான் பழைய காசு சேக்கறவங்க பணம் குடுக்கறாங்க, தேய்ச்ச காசை சாய்ச்சுப் பாத்தா நூல் நூலா கீறல் தெரியும். கிரேடிங் கம்பெனிக்கு அனுப்புனா நம்பர் போடாம "க்ளீன்டு"ன்னு எழுதி அனுப்பிடுவான், வெலை அங்கயே விழுந்துரும். காசுமாலைக்கு வளையம் பத்த வெச்ச தடம் இருந்தாலும் இதே கதைதான்.

எஸ்ஐபியை நிறுத்தாதீங்க. காசுல வட்டி இல்ல, டிவிடெண்ட் இல்ல, டீலர் விக்கற வெலைக்கும் அதே காசை உங்ககிட்ட வாங்கற வெலைக்கும் நடுவுல பெரிய பள்ளம். ஆசையா இருந்தா சினிமா செலவு மாதிரி மாசம் 500 ஒதுக்குங்க, அதுவும் ஆறு மாசம் பழைய காசு எக்ஸிபிஷன் போயி பல காசு கையில எடுத்துப் பாத்த அப்புறம்.

1911ஐ ரெண்டு டீலர்கிட்ட காட்டுங்க, போலி நெறைய சுத்துது, எடை போட்டே பாதி தெரிஞ்சுரும். 100 வருஷம் தாண்டுன காசு, வெளிநாட்டுக்காரன் கேட்டான்னு பார்சல் அனுப்பிடாதீங்க, சட்டப்படி தப்பு. மீதி காசை பிவிசி பிளாஸ்டிக் கவர்ல போடாம அட்டை ஹோல்டர்ல வையுங்க, அந்த கவர்ல வெச்சா நாளாக நாளாக பச்சையா பிசுபிசுன்னு ஒட்டும், அதைப் பாத்துட்டு அம்மா மறுபடியும் விபூதியைத் தேடுவாங்க.