பித்தக்குழாயில் கல்லா? சிடி ஸ்கேனா, எம்ஆர்ஐயா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. முக்கூடல் பக்கம் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். மூன்று மாதமாக, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து தோள்பட்டைக்கு ஏறுகிறது. போன வாரம் இரண்டு நாள் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனது. அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் கற்கள், பித்தக்குழாய் 9 மி.மீ., குழாயின் கீழ்ப்பகுதி வாயுவால் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் சிடி என்கிறார், இன்னொருவர் எம்ஆர்ஐ என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, காலில் பிளேட் வைத்திருக்கிறது, மெஷினுக்குள் போகவும் பயப்படுகிறார். பேசாமல் இரண்டையும் எடுத்துவிடலாமா?

பதில்: இரண்டையும் எடுக்க வேண்டாம். இப்போது தேவை எம்ஆர்ஐதான், அதிலும் பித்தக்குழாயைப் படம் பிடிக்கிற எம்ஆர்சிபி என்கிற வகை.

நம் பக்கத்தில் இந்த வலியை வாய்வு என்றே நினைப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுவதால் வருகிறது என்றும் சொல்வார்கள். “சொதி சாப்பிட்டா பிடிச்சு இழுக்கு” என்று சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் பித்தப்பையைத்தான் சந்தேகிப்பேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பு குடலில் இறங்கியதும் பித்தப்பை சுருங்கும். வாயிலில் கல் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம்தான் வலி.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது அந்த மஞ்சள் சிறுநீரில். பித்தக்குழாயின் அகலம் வழக்கமாக 6 மி.மீ.க்குள் இருக்கும். 9 மி.மீ.யும் மஞ்சளும் சேர்ந்தால், பையிலிருந்து ஒரு கல் நழுவிக் குழாயில் நிற்கலாம். குழாயின் கடைசிப் பகுதி சிறுகுடலுக்குப் பின்னால் போகிறது. குடலில் வாயு இருந்தால் அல்ட்ராசவுண்ட் அதைத் தாண்டாது.

சிடியிலும் ஒரு சிக்கல் உண்டு. கொழுப்பால் ஆன கல்லும் பித்தநீரும் சிடியின் எக்ஸ்ரே கதிருக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கல் அங்கேயே இருக்க, “கல் இல்லை” என்று ரிப்போர்ட் வரலாம். எம்ஆர்சிபியில் தேங்கிய நீர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக் கோட்டுக்குள் கல் கறுப்புப் பொட்டாக நிற்கும். கதிர்வீச்சு இல்லை, ஊசி மருந்தும் பொதுவாக வேண்டாம்.

அதற்காகச் சிடியைக் குறைவாக நினைக்க வேண்டாம். நாலுவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து மண்ணீரல் கிழிந்தவர், குடல் ஓட்டையானவர், குடல் அடைத்தவர், கோடையில் சிறுநீரகக் கல்லால் துடிப்பவர், இவர்களுக்கெல்லாம் சில நொடிகளில் எடுத்து முடிகிற சிடிதான் உயிர் காக்கும். ஆனால் வயிற்றுச் சிடி ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையாக நமக்குச் சுமார் 3 ஆண்டுகளில் கிடைப்பதற்குச் சமம். தேவையென்றால் பயப்படாமல் எடுக்கலாம், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுக்கக் கூடாது. அப்புறம், சாதாரண வயிற்றுப்புண்ணைத் தேடி இந்த இரண்டு ஸ்கேனுக்கும் போக வேண்டாம். அதற்கு வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிதான்.

காலில் உள்ள பிளேட் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் ஆபரேஷன் சீட்டைக் கொண்டுபோய் முன்கூட்டியே காட்டுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால்தான் நிறைய யோசிக்க வேண்டும். நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டியிருக்கும். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை மாத்திரையை அன்று எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள், பட்டினியில் போட்டால் சர்க்கரை இறங்கிவிடலாம். தாலி, கம்மல், மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். கழற்ற மனம் வராத அம்மாக்களுக்காக மஞ்சள் கயிறு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே விசைத்தறி ஓடுவதுபோலச் சத்தம் கேட்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஒரு பந்து கொடுப்பார்கள், அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள். மூச்சைப் பிடிக்கச் சொல்லும்போது பிடித்தால் படம் கலங்காது. வீட்டிலேயே இரண்டு நாள் பழக்கிவிடுங்கள்.

பிலிருபின் என்கிற மஞ்சள் நிறமியின் அளவு உள்ளிட்ட கல்லீரல் ரத்தப் பரிசோதனையை மட்டும் நாளைக்கே செய்துவிடுங்கள். குழாயில் கல் உறுதியானால் எண்டோஸ்கோபி வழியாகவே எடுத்துவிடலாம், பித்தப்பைக்கு ஆபரேஷன் அதன் பிறகு.

இதற்கிடையில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, ஸ்கேனுக்குக் குறித்த நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். குழாயில் சீழ் பிடிப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். நடுராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு அம்மாவைக் கொண்டுவந்துவிடுங்கள்.