சர்ச் மார்பிள் சிலைக்கு ஆசிட் வாஷ் பண்ணலாமா?

கேள்வி: எங்க ஊர் பழைய சர்ச்சுல 190 வருஷத்துக்கு முந்தின மார்பிள் நினைவுச்சின்னம் ஒண்ணு செவுத்துல பதிச்சிருக்கு, ஜாடி மேல சாஞ்சு அழற பொண்ணு உருவம். மஞ்சளாயிடுச்சு, ஓரத்துல துருக்கறை வேற. ஆண்டு விழாவுக்கு வெள்ளையடிக்க வந்த கான்ட்ராக்டர் லேசா ஆசிட் போட்டு கழுவிடலாம்ங்கறாரு. செய்யலாமா?

பதில்: தயவுசெஞ்சு அவர இன்னிக்கே நிறுத்துங்க. மார்பிள் சுண்ணாம்பு இனம், கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டா நுரைச்சு கரையும், எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாம் அதே வேலைய மெதுவா செய்யும். கழுவின அன்னிக்கு பளிச்னுதான் இருக்கும், ஆனா மேல்தோல் போய் கல்லு சொரசொரன்னு ஆகி அப்புறம் முன்னவிட வேகமா அழுக்கு புடிக்கும்.

தஞ்சாவூர்ல சிவகங்கைக் குளத்துக்கிட்ட 1779ல கட்டின ஷ்வார்ட்ஸ் சர்ச்சுக்கு ஒருதடவ போய் பாருங்க. 1798ல இறந்த ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் ஐயருக்காக சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேன்கிட்ட சொல்லி செய்ய வெச்ச மார்பிள் அங்க இருக்கு, சாகக் கிடக்கற குருவோட கைய மன்னர் புடிச்சுட்டு நிக்கறாரு, கட்டில் பக்கத்துல பள்ளிக்கூடப் பசங்க. எனக்கு ரொம்பப் புடிச்ச சிற்பம் அது. அந்தக் காலத்து இந்த மாதிரி நினைவுச் சிற்பத்துல ஆடம்பரம் கிடையாது, துணி மடிப்பு, முகபாவம் எல்லாமே மெலிசான மேடு பள்ளத்துலதான் இருக்கு, மேல கொஞ்சம் கரைஞ்சாலே முகம் மழுங்கிடும், திரும்ப வராது. உங்க சர்ச் பொண்ணுக்கும் அதே கதிதான்.

துருக்கறை பத்திதான் எனக்கு அதிக கவலை. இந்தக் கல்லையெல்லாம் பெரும்பாலும் இரும்புக் கொக்கி போட்டுதான் செவுத்துல மாட்டியிருப்பாங்க, ஈரம் இறங்கினா இரும்பு துருப்புடிச்சு உப்பும், உப்பினா கல்லே வெடிக்கும். அதனால மொதல்ல கூரை ஒழுகுதா, வெளிய மழைத்தண்ணி பைப் அடைச்சிருக்கா, பின்னாடி செவுத்துல சிமென்ட் பூசி ஈரத்த உள்ள அடைச்சுட்டாங்களான்னு பாருங்க. சிமென்ட் இருந்தா எடுத்துட்டு சுண்ணாம்புக் காரை பூசச் சொல்லுங்க.

தூசிய மட்டும் மெத்து பிரஷ்ஷால தட்டுங்க. கல்லு சக்கரை மாதிரி உதிர்ந்தா அதுவும் வேணாம். உதிரலன்னா டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சு பிழிஞ்ச பஞ்ச, மூலையில ஒரு இடத்துல சோதிச்சுட்டு, தேய்க்காம உருட்டி எடுங்க, கறுப்பு, தங்க எழுத்து மேல ஈரமே படக்கூடாது. மஞ்சள அப்படியே விடுங்க, வயசான கல்லு அப்படித்தான் இருக்கும். துருக்கறைய எடுக்கறது கன்சர்வேட்டர், அதாவது பழம்பொருள் பாதுகாப்பு நிபுணர் வேலை, எழும்பூர் மியூசியத்துல ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க.

வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி நாலா பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுட்டு, கல்லுல ஒட்டாம சட்டம் கட்டி ஷீட் போட்டு மூடுங்க, டேப்ப மட்டும் மார்பிள் மேல ஒட்டிடாதீங்க.