கடலோர வீட்டுக் கேற்றுக்குப் பவுடர் கோட்டிங்: முதலில் உப்பைக் கழற்றுங்கள்

கேள்வி: பருத்தித்துறையில் கடலுக்குக் கிட்ட வீடு. இரும்புக் கேற்றுக்குப் பவுடர் கோட்டிங் செய்து ஒரு வருடத்துக்குள் வெல்டிங் மூட்டுகளில் கொப்பளம் வந்து கறள் பிடித்துவிட்டது. தேய்த்துவிட்டு மேலே மறுபடி அடித்தால் சரிவருமா?

பதில்: சரிவராது. பவுடர் கோட்டிங் என்பது பவுடரைத் தூவி, சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு. கறள் பிடித்த குழிகளுக்குள் கடற்காற்றின் உப்பு தங்கியிருக்கும். கம்பி பிரஷால் தேய்த்தால் மேல்பகுதி மினுங்கும், உப்பு அடியிலேயே கிடக்கும். பூச்சைத் தாண்டி வரும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கொப்பளம் கிளம்புவது அதனால்தான்.

பழைய பூச்சை முழுவதும் எடுக்கச் சொல்லுங்கள். வெல்டிங் பொட்டுகளையும் கசட்டையும் கிரைண்டரால் நீக்கி, கூரான விளிம்புகளை மழுக்க வேண்டும். சூட்டில் உருகும் பவுடர் கூர் விளிம்பில் நிற்காமல் விலகிவிடும். பிறகு எண்ணெய்ப் பசையைக் கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது ஒரே படலமாக விரிந்தால் பசை போய்விட்டது. துளித்துளியாக உருண்டால் இன்னும் இருக்கிறது. பசையோடு பிளாஸ்டிங் (கரடான துகள்களைக் காற்றழுத்தத்தில் வீசி இரும்பைச் சுத்தம் செய்வது) செய்தால் எண்ணெய் மற்ற இடங்களுக்கும் பரவும்.

பிளாஸ்டிங்குக்கு கார்னெட் (ஒரு கடினமான கனிமத் துகள்) அல்லது ஸ்டீல் கிரிட் (கூரான உருக்குத் துகள்) நல்லது. கடல் மணல் கூடவே கூடாது: அதில் உப்பு இருக்கிறது, அதன் தூசு வேலை செய்பவரின் நுரையீரலையும் கெடுக்கும். பிளாஸ்டிங் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கு 'எஸ்ஏ 2.5' தரம் கேளுங்கள். இரும்பு கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரிய வேண்டும். கறளை எடுக்க அசிட்டில் தோய்ப்பதை நான் விரும்புவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அசிட்டிலும் கடல் உப்பில் உள்ள அதே குளோரைடுதான் இருக்கிறது. பொக்ஸ் பாருக்குள் (உள்ளே வெறுமையான சதுரக் குழாய்) அது புகுந்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

பிளாஸ்டிங்கும் எல்லா உப்பையும் எடுக்காது. அதன்பின் நல்ல தண்ணீரை அழுத்தத்தோடு அடித்துக் கழுவி, உடனே உலர்த்தி, லேசாகக் கறள் படிந்தால் மறுபடி பிளாஸ்டிங் செய்ய வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது, கரையோரத்தில் உவரும் சேரும். கடைசிக் கழுவலுக்கு உப்பு நீக்கிய தண்ணீர் வேண்டும். சுத்தமாகப் பிடித்த மழைநீரும் உதவும்.

சுத்தமான இரும்பை வெறுங்கையால் தொடாமல், அன்றைக்கே, முடிந்தால் நாலு மணித்தியாலத்துக்குள் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்கு முன்பே மஞ்சளாகிவிடும். அடியில் துத்தநாகம் கலந்த எபொக்சி பிரைமர், மேலே பொலியெஸ்டர் பவுடர் என இரண்டு பூச்சாகக் கேளுங்கள். மூட்டுகளில் விட்டுவிட்டுப் போட்ட வெல்டிங் இருந்தால், பிளாஸ்டிங்குக்கு முன்பே முழுதாக அடைத்துவிடுங்கள்.